பழைய கார்களுக்கு ரப்பர் பாகம் செய்யும் சிறுதொழில்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அம்பாசடர் தயாரிப்பு 2014-இல் நின்றது. பிரீமியர் பத்மினி அதற்கும் பல ஆண்டுகள் முன்பே நின்றுவிட்டது. சென்னையில் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டை எழுபதுகளிலேயே மறந்துவிட்டார்கள். வண்டிகள் மட்டும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றுக்கு முதலில் செத்துப்போவது இரும்பு இல்லை, ரப்பர். புஷ் (இரும்புப் பாகங்கள் இணையும் இடத்தில் உட்காரும் ரப்பர் வளையம்), எஞ்சினைத் தாங்கும் மவுன்ட், கதவு ஓரத்துப் பீடிங், பெட்ரோல் பம்ப்பின் உள்ளே அசையும் டயாபிரம் எல்லாம் அதில் சேரும். பழைய கார் மேல் உள்ள பற்றில் இவற்றைச் செய்து விற்க நினைப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவை இங்கே உள்ளன.

எந்தப் பாகத்தில் தொடங்குவது?

ஒரே ஒரு மாடலை எடுங்கள். அதில் எளிதாகத் தேயும், உடைந்தாலும் உயிருக்கு ஆபத்தில்லாத ஒரு பாகத்தைத் தேர்ந்தெடுங்கள். பின்பக்கப் பட்டை (லீஃப் ஸ்பிரிங்) புஷ், ஷாக் அப்சார்பர் புஷ், சைலன்சர் தொங்கும் ரப்பர், பெடல் ரப்பர் ஆகியவை நல்ல தொடக்கம். இரும்புக் குழாயோடு ஒட்டாத தனி ரப்பர் என்றால் இன்னும் நல்லது. ஒட்டும் வேலை தனிக் கலை, அதற்குப் பிறகு வருவோம்.

முதல் ஆண்டில் பிரேக் பக்கம் போகவே வேண்டாம். வீல் சிலிண்டர் கப் பார்ப்பதற்கு ஒரு சின்ன ரப்பர் வட்டம்தான். ஆனால் டாட் 3, டாட் 4 பிரேக் ஆயிலுக்கு இ.பி.டி.எம். அல்லது எஸ்.பி.ஆர். என்ற செயற்கை ரப்பர் வேண்டும். எஞ்சின் ஆயிலுக்குத் தாங்குகிறதே என்று நைட்ரைல் என்ற இன்னொரு செயற்கை ரப்பரில் செய்தால் பிரேக் ஆயிலில் அது ஊதிப்போகும், பிஸ்டன் சிக்கும். பிரேக் ஹோஸ், விளக்கு, கண்ணாடி போன்றவை மத்திய மோட்டார் வாகன விதி 124-இன் கீழ் வருபவை. தரச் சான்று இல்லாமல் அவற்றைத் தொட முடியாது.

மாதிரிக்குப் பழைய புஷ்ஷை அளந்தால் போதுமா?

போதாது. இந்தத் தொழிலில் திரும்பி வரும் சரக்கில் பெரும்பகுதி இந்த இடத்தில்தான் பிறக்கிறது. முப்பது ஆண்டு நசுங்கிய ரப்பர் தன் பழைய அளவில் இருக்காது. வெளிவிட்டம் சுருங்கி, துளை முட்டை வடிவமாகி, ஓரம் தேய்ந்திருக்கும். அளக்க வேண்டியது அது உட்காரும் இரும்பை: பட்டை நுனியில் உள்ள கண்ணின் உள்விட்டம், அதில் நுழையும் பின்னின் வெளிவிட்டம், இரண்டு வாஷருக்கும் நடுவே உள்ள இடைவெளி. குறைந்தது மூன்று வண்டிகளில் அளந்து, மூன்றையும் எழுதி வையுங்கள். ஒன்று ஒத்துவராவிட்டால் அந்த வண்டியில் யாரோ வேறு மாடலின் ஷாக்கிளை (பட்டையை வண்டியோடு இணைக்கும் இரும்பை) மாட்டியிருக்கிறார்கள் என்று கொள்ளலாம்.

அம்பாசடரில் இன்னொரு கண்ணி உண்டு. அது மோரிஸ் ஆக்ஸ்போர்டு வழி வந்தது, அங்குலக் கணக்கு. 5/16 அங்குல போல்ட்டை, அதாவது பதினாறில் ஐந்து பங்கு அங்குலம் உள்ளதை, வெர்னியரில் அளந்தால் 7.94 மி.மீ. காட்டும். புதியவர் அதை 8 மி.மீ. என்று எடுத்துக்கொண்டு எம்8 என்ற மெட்ரிக் மரை வெட்டும் டேப் போட்டுவிடுவார். எம்8-இன் மரை இடைவெளி 1.25 மி.மீ. அம்பாசடரின் யு.என்.எஃப். என்ற அங்குல மரையோ அங்குலத்துக்கு 24, அதாவது 1.06 மி.மீ. இரண்டு சுற்று ஏறும், பிறகு மரை அடித்துப்போகும். பத்மினி ஃபியட் வண்டி, அதில் மெட்ரிக்தான். இரண்டு வண்டிக்கும் ஒரே டிராயரில் போல்ட் வைக்காதீர்கள்.

எந்த ரப்பர், எந்தக் கடினம்?

சஸ்பென்ஷன் புஷ்ஷுக்கு இயற்கை ரப்பரை மிஞ்ச ஒன்றுமில்லை. திரும்பத் திரும்ப முறுக்கினாலும் கிழியாது, அதிர்வையும் விழுங்கும். கடினம் ஷோர் ஏ அளவுகோலில் 60, கூடக் குறைய 5. ஆனால் ஆயில் படும் இடத்தில் இயற்கை ரப்பர் பஞ்சுபோல் ஊறும். அம்பாசடரில் ஆயில் ஒழுகாத எஞ்சின் அபூர்வம் என்பதால், எஞ்சின் மவுன்ட்டுக்கு நியோபிரீன் கலவை கேட்பது புத்திசாலித்தனம். வெயிலும் மழையும் படும் பீடிங்குக்கு இ.பி.டி.எம். பெட்ரோல் படும் இடத்தில் அது கூடவே கூடாது, அங்கே நைட்ரைல் வேண்டும்.

2025-இல் பெட்ரோல் பங்க்குகளில் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் பரவலாகிவிட்டது. எண்பதுகளில் செய்த பம்ப் டயாபிரம், கார்புரேட்டர் வாஷர், ஹோஸ் ஆகியவை அதை மனதில் வைத்துச் செய்தவை அல்ல. டயாபிரம் கிட் செய்பவர்கள் அக்ரிலோநைட்ரைல் பங்கு கூடுதலான நைட்ரைலோ, விலை கூடினாலும் எரிபொருளைத் தாங்கும் எஃப்.கே.எம். ரப்பரோ பார்க்க வேண்டும். உங்கள் மாதிரியை அந்தப் பெட்ரோலிலேயே 70 மணி நேரம் ஊறப்போட்டு, முன்னும் பின்னும் எடை, தடிமன், கடினம் மூன்றையும் குறியுங்கள். ஊறி வீங்குவது ஒரு குற்றம். எடுத்துக் காயவைத்த பிறகு பழைய அளவைவிடச் சுருங்குவது இன்னொரு குற்றம், இதை அதிகம் பேர் பார்ப்பதில்லை.

காம்பவுண்டை (ரப்பர் கலவையை) நாமே கலக்கலாமா?

வேண்டாம். கலவை ஆலை, கரித்தூள், கந்தகம் எல்லாம் சேர்ந்து வேறொரு தொழில். ஆர்டருக்குக் கலந்து தருபவர்கள் மதுரை, சென்னை, கோவை, கோட்டயம் பக்கம் இருக்கிறார்கள். சிறு அளவாக 25 கிலோ கலந்து தருபவரைத் தேடுங்கள். ஒவ்வொரு தொகுதிக்கும், ரப்பர் எவ்வளவு நேரத்தில் வேகிறது என்று காட்டும் ரியோமீட்டர் வரைபடமும் கடின அளவும் கேட்டு வாங்குங்கள். தர மறுத்தால் அடுத்தவரிடம் போங்கள்.

கந்தகம் சேர்ந்த காம்பவுண்ட் காய்கறி மாதிரி, வைத்திருக்க நாள் கணக்கு உண்டு. சித்திரை வெயிலில் தகரக் கூரையின் கீழ் வைத்தால் அடுக்கியபடியே வேகத் தொடங்கும், அதாவது இறுகிவிடும். அதை அச்சில் போட்டால் ஓடாது, மூலை நிரம்பாது, மேற்பரப்பில் கோடு கோடாக விழும். 25 டிகிரிக்குப் பக்கத்தில் வைக்க முடியாதென்றால் கோடையில் இரண்டு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் எடுங்கள்.

மோல்டு (அச்சு) எப்படிச் செய்வது? அளவு எப்படிப் போடுவது?

கணக்கை ஒரு புஷ்ஷில் பார்ப்போம். வெளிவிட்டம் 32 மி.மீ., துளை 16 மி.மீ., நீளம் 30 மி.மீ. கன அளவு ஏறத்தாழ 18.1 கன செ.மீ. அடர்த்தி 1.15 என்றால் எடை 20.8 கிராம். பிளாஷுக்கு, அதாவது அச்சின் ஓரத்தில் வழியும் ரப்பருக்கு, ஒரு பத்து விழுக்காடு சேர்த்து 23 கிராம் துண்டாக வெட்டி அச்சில் வைக்க வேண்டும். 25 கிலோ காம்பவுண்டில் ஆயிரத்துக்குச் சற்றுக் கூடுதலாகப் புஷ் வரும்.

ரப்பர் ஆறும்போது சுருங்கும். கலவையைப் பொறுத்து ஒன்றரை முதல் இரண்டு விழுக்காடு. 1.8 என்று வைத்தால் 32 மி.மீ. புஷ்ஷுக்கு அச்சுக் குழி 32.58 மி.மீ. இந்த எண்ணைக் கலவை தருபவரிடம் கேட்டு வாங்கிய பிறகே மோல்டுக்காரரிடம் போங்கள். பிறகு கலவையை மாற்றினால் அதே மோல்டில் வேறு அளவு வரும். பலருக்கு இது இரண்டாவது ஆர்டரில்தான் தெரியவருகிறது.

தொடக்கத்துக்கு இ.என்.8 ரக இரும்பில் நான்கு குழி போதும். முதலில் ஒரே குழி மோல்டு செய்து, பத்து புஷ் எடுத்து, மூன்று வண்டியில் மாட்டிப் பார்த்துவிட்டு நான்கு குழிக்குப் போவது இன்னும் நல்லது. ஒவ்வொரு குழியிலும் 1, 2, 3, 4 என்று எண் பொறிக்கச் சொல்லுங்கள். மூன்றாம் எண் புஷ் மட்டும் புகாராக வந்தால் தேட வேண்டிய இடம் தெரிந்துவிடும். குழியைச் சுற்றி வழியும் ரப்பர் தங்க ஒரு பள்ளமும் வேண்டும். அது இல்லாவிட்டால் மோல்டு முழுதாக மூடாது, நீளம் அரை மி.மீ. கூடும்.

பிரஸ்ஸில் எத்தனை டிகிரி, எத்தனை நிமிடம்?

பிரஸ் என்பது மோல்டைச் சூடாக்கி அழுத்தும் எந்திரம். மேலே சொன்ன புஷ்ஷின் சுவர்த் தடிமன் 8 மி.மீ. இயற்கை ரப்பர் என்றால் 150 டிகிரியில் 10 முதல் 12 நிமிடத்தில் தொடங்கி, ரியோமீட்டர் வரைபடத்தை வைத்துத் திருத்துங்கள். வேகமாக முடிக்க 170-க்கு ஏற்றாதீர்கள். வெளிப்பக்கம் வெந்து, பிறகு வெந்தது திரும்பி இளகி, பிசுபிசுப்பாகிவிடும். நடுவில் அறுத்துப் பார்த்தால் கடற்பஞ்சு போல் ஓட்டை இருந்தால் வேகவில்லை, அல்லது அழுத்தம் போதவில்லை.

20 செ.மீ. சதுர மோல்டை 50 டன் பிரஸ்ஸில் வைத்தால் சதுர செ.மீ.க்கு 125 கிலோ வரும், அது போதும். மூடியவுடன் இரண்டு மூன்று முறை சற்றே திறந்து மூடி காற்றை வெளியே விடுங்கள். இதை விட்டால் குமிழி நிச்சயம்.

ஏற்றி இறக்கும் நேரத்தோடு ஒரு சுற்று 15 நிமிடம் என்றால் நான்கு குழி மோல்டில் மணிக்கு 16 புஷ். எட்டு மணி ஷிப்டில் சூடேறும் ஒரு மணியைக் கழித்தால் 112. ஐந்நூறு புஷ்ஷுக்கு ஐந்து நாள்.

இரும்புக் குழாயோடு ஒட்டிய புஷ் ஏன் பிரிந்து வருகிறது?

பிரிந்த இடத்தைப் பார்த்தாலே காரணம் தெரியும். இரும்பு பளபளவென்று வெறுமையாக இருந்தால் சுத்தம் செய்ததில் தவறு. பெரும்பாலும் கிரிட் பிளாஸ்ட் (காற்றழுத்தத்தில் துகள் அடித்து இரும்பைச் சொரசொரப்பாக்குவது) செய்யும் கம்பிரசர் காற்றோடு ஆயில் வந்திருக்கும், அல்லது பிளாஸ்ட் செய்த குழாயை மறுநாள் பூசியிருப்பார்கள், கையால் தொட்டிருப்பார்கள். இரும்பில் சாம்பல் நிற பிரைமர் அப்படியே இருந்து ரப்பர் மட்டும் உரிந்திருந்தால் மேல்பூச்சு மெல்லிசாக இருந்திருக்கும், அல்லது பூசிய குழாய் சூடான அச்சில் ரப்பர் வருவதற்கு முன்பே நெடுநேரம் காய்ந்திருக்கும். ரப்பரே கிழிந்து, இரும்பின் மேல் ரப்பர் தோல் ஒட்டிக்கொண்டிருந்தால் உங்கள் ஒட்டு சரி, குறை வேறெங்கோ.

வரிசை இதுதான்: எண்ணெய் நீக்கம், கிரிட் பிளாஸ்ட், மறுபடி கரைப்பானில் கழுவல், சில மணி நேரத்துக்குள் பிரைமர், காய்ந்ததும் மேல்பூச்சு, தூசி படாமல் மூடி வைத்தல். பிரைமராகக் கெம்லாக் 205-உம் மேல்பூச்சாக 220-உம் இந்த வேலைக்குப் பழகிய இணை. டப்பாவைத் திறந்ததும் அடியில் படிந்ததை நன்றாகக் கலக்காமல் மேலாக எடுத்துப் பூசுவது நம் ஊர்ப் பட்டறைகளின் நிரந்தர நோய்.

பாலியூரிதேன் புஷ் செய்தால் விலை கூடுதலாகக் கிடைக்குமே?

கிடைக்கும். வார்ப்பு பாலியூரிதேனுக்கு பிரஸ்ஸே வேண்டாம், அலுமினிய அச்சு போதும், ஐம்பது செட் செய்தாலும் கட்டுப்படியாகும். ஆனால் தெரிந்து செய்ய வேண்டும்.

பிரீபாலிமர் என்ற மூலத் திரவத்தை 80 டிகிரிக்குச் சூடாக்கி, வேக்கத்தில் (வெற்றிடத்தில்) குமிழி எடுத்து, அதை இறுக வைக்கும் மோகா என்ற வேதிப்பொருளை உருக்கிச் சேர்த்து, 100 டிகிரி அச்சில் ஊற்ற வேண்டும். பிரீபாலிமரில் மோகாவோடு வினைபுரியும் என்.சி.ஓ. பங்கு 4.2 விழுக்காடு என்றால் 100 கிராமுக்கு மோகா ஏறத்தாழ 12.7 கிராம். ஷோர் ஏ 90 பக்கம் வரும். எடையில் ஒரு கிராம் தவறினாலும் புஷ் பிசுபிசுக்கும் அல்லது நொறுங்கும். பிறகு 100 டிகிரி அடுப்பில் 16 மணி நேரம். ஐப்பசி மழையில் ஈரம் ஏறிய டப்பாவைப் பயன்படுத்தினால் சோடா பாட்டில் மாதிரி நுரைக்கும். மோகா புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியான பொருள். கையுறை, முகக்கவசம், புகை உறிஞ்சி இல்லாத அறையில் உருக்காதீர்கள். வீட்டுப் பின்கட்டு இதற்கு இடமே அல்ல. அந்த வசதி உள்ளவரிடம் கூலிக்குக் கொடுங்கள்.

ஒட்டிய ரப்பர் புஷ் தன்னையே முறுக்கிக்கொண்டு சஸ்பென்ஷன் ஆர்மை அசைய விடும். பாலியூரிதேன் குழாயின் மேல் வழுக்க வேண்டும். கிரீஸ் பள்ளம் இல்லாவிட்டால் ஒரு மாதத்தில் கதவுக் கீல் மாதிரிக் கீச்சிடும். பழைய வண்டிக்கு ஷோர் 95 புஷ் போட்டு, அதிர்ச்சியெல்லாம் சேஸிஸ் தகட்டுக்கே போய்ச் சேர்வதைப் பெருமையாக விற்பவர்கள் இருக்கிறார்கள். 80 போதும்.

ஒரு புஷ்ஷின் அடக்க விலையை எப்படிப் போடுவது?

கணக்குக்காக எண்களை வைத்துக்கொள்வோம். காம்பவுண்ட் கிலோ 220 ரூபாய் என்றால் 23 கிராமுக்கு 5 ரூபாய். பிரஸ் கூலி 12, பிளாஷ் வெட்ட 2, பை, ஸ்டிக்கர் 4, கழிவுக்கு 1. மொத்தம் 24. மோல்டு 40,000 ரூபாய். ஆயிரம் புஷ்ஷில் அதைப் பிரித்தால் ஒன்றுக்கு 40, ஆக 64 ரூபாய். ஐயாயிரத்தில் பிரித்தால் 8, ஆக 32 ரூபாய்.

ரப்பர் விலை ஏறியதே என்று கவலைப்படுவதில் பயனில்லை என்பது இதிலேயே தெரியும். பணம் மோல்டில் உறங்குகிறது. அதனால் எத்தனை வண்டிக்கு அந்தப் புஷ் பொருந்தும், ஒரு வண்டிக்கு எத்தனை வேண்டும் என்பதே முதல் கேள்வி. ஒரு வண்டிக்கு எட்டு வேண்டிய புஷ், இரண்டே வேண்டிய மவுன்ட்டைவிட மேல்.

டெல்லி காஷ்மீரி கேட்டிலிருந்து வரும் மலிவுச் சரக்கோடு விலையில் மோதாதீர்கள். அதை வாங்கி ஆறு மாதத்தில் மாற்றியவர்தான் உங்கள் வாடிக்கையாளர்.

எப்போது சொந்த பிரஸ் வாங்கலாம்?

மாதத்தில் பன்னிரண்டு பதினைந்து நாள் கூலிப் பட்டறையில் உங்கள் மோல்டே ஓடும்போது. அதற்கு முன் வாங்கினால் பிரஸ்ஸுக்குத் தீனி போட வேண்டுமே என்று வேறு யாருடைய வாஷரையோ கூலிக்கு அடிக்க ஆரம்பித்து, கார் பாகம் ஓரத்துக்குப் போய்விடும். ஷோர் ஏ டியூரோமீட்டர், டிஜிட்டல் வெர்னியர், 0.1 கிராம் தராசு, பின் கேஜ் ஒரு செட் ஆகிய நான்கும் முதல் நாளே உங்கள் மேஜையில் இருக்க வேண்டும்.

பழைய பிரஸ் வாங்கும்போது மேல் தட்டு, கீழ்த் தட்டு இரண்டிலும் ஒன்பது இடத்தில் வெப்பம் அளந்து பாருங்கள். மூலைக்கும் நடுவுக்கும் 5 டிகிரிக்கு மேல் வித்தியாசம் என்றால் ஹீட்டர் போய்விட்டது. அழுத்தம் ஏற்றிவிட்டுப் பதினைந்து நிமிடம் முள்ளைப் பாருங்கள், இறங்கினால் சீல் போய்விட்டது.

பதிவு, வரி விஷயங்கள் என்னென்ன?

உத்யம் (சிறு, குறுந்தொழில்களுக்கான அரசுப் பதிவு) இலவசம், இணையத்தில் நாமே செய்யலாம். பணம் கேட்பவர்களின் போலித் தளங்கள் நிறைய. சரக்கு விற்பனை ஆண்டுக்கு 40 லட்சம் தாண்டினால்தான் தமிழ்நாட்டில் ஜி.எஸ்.டி. என்று பலர் நிம்மதியாக இருப்பார்கள். ஆனால் பாலக்காட்டுக்கு ஒரு பார்சல் விற்றாலும் மாநிலம் தாண்டிய விற்பனை, அதற்கு வரம்பே கிடையாது, பதிவு கட்டாயம். இந்தத் தொழிலின் வாடிக்கையாளர் இந்தியா முழுக்கச் சிதறியிருப்பவர் என்பதால் முதலிலேயே எடுத்துவிடுங்கள்.

கார் பாகம் என்றால் பில்லில் எச்.எஸ்.என். (ஜி.எஸ்.டி.க்கான சரக்கு வகை எண்) 8708 என்று கண்ணை மூடிப் போடாதீர்கள். வெந்த ரப்பரால் மட்டும் ஆன பொருள் 4016-இல் வரும். 2025 செப்டம்பர் 22 முதல் வாகன பாகங்களுக்கும் 18 விழுக்காடு ஆனதால் விகிதத்தில் சண்டை குறைந்திருக்கிறது, ஆனாலும் சரியான எண்ணே வேண்டும். பாக்கெட்டின் மேல் பெயர், முகவரி, எண்ணிக்கை, செய்த மாதமும் ஆண்டும், அதிகபட்ச விலை, புகார் எண் ஆகியவை சட்ட அளவியல் விதிப்படி இருக்க வேண்டும்.

கடனுக்கு பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டத்தில் உற்பத்தித் தொழிலுக்கு 50 லட்சம் வரை திட்டம் போடலாம். மானியம் கையில் வராது. மூன்று ஆண்டு வங்கியில் வைப்பாக இருந்து, பிறகே கடனில் கழியும். அதை நம்பி முதல் மாத வாடகைக்குத் திட்டமிடாதீர்கள்.

கார் கம்பெனியின் பெயரைப் பாக்கெட்டில் போடலாமா?

"அம்பாசடர் மார்க் 4-க்குப் பொருந்தும்" என்று எழுதலாம். எந்த வண்டிக்கு என்று சொல்ல அவசியமான அளவுக்குப் பெயரைப் பயன்படுத்த 1999-ஆம் ஆண்டு வணிகச் சின்னச் சட்டத்தின் 30-ஆம் பிரிவு இடம் தருகிறது. அந்தக் கம்பெனியின் சின்னம், எழுத்து வடிவம், "ஒரிஜினல்" என்ற சொல் மூன்றும் கூடாது. வடிவமைப்புப் பதிவின் ஆயுள் அதிகபட்சம் 15 ஆண்டு என்பதால் பழைய கார்களில் அந்தச் சிக்கல் பெரும்பாலும் இல்லை.

எங்கே விற்பது?

சென்னை ஜி.பி. ரோடு, புதுப்பேட்டைக் கடைகளில் சரக்கு வைத்தால் பெயர் பரவும், பணம் பரவாது. அறுபது, தொண்ணூறு நாள் கடன் கேட்பார்கள். உத்யம் பதிவுள்ள குறுந்தொழிலுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்பது சட்டம். தாமதித்தால் வாங்கியவர் பணம் தந்த ஆண்டில்தான் அந்தச் செலவை வருமான வரியில் கழிக்க முடியும் என்ற விதியும் 2023-24 நிதியாண்டு முதல் இருக்கிறது. பில்லில் உத்யம் எண்ணை அச்சிட்டால் கடைக்காரரின் ஆடிட்டரே நினைவுபடுத்துவார்.

உண்மையான விற்பனை பழைய கார் மெக்கானிக்குகளிடமும் கிளப் உறுப்பினர்களிடமும்தான். ஊருக்கு ஒருவராக, அந்த மாடலையே வேலை பார்க்கும் இருபது மெக்கானிக்குகளின் பட்டியல் போடுங்கள். ஆளுக்கு ஒரு செட் இலவசமாகக் கொடுத்து, மாட்டும்போது என்ன சிரமம் என்று கேளுங்கள். புஷ் அழுத்தும் சின்ன இரும்புக் கட்டை ஒன்றை லேத்தில் கடைந்து செட்டோடு சேர்த்து வைத்தால் சுத்தியலால் அடித்துக் கிழிக்கும் புகார் பாதியாகக் குறையும்.

அடுத்து எதைச் சேர்ப்பது, வேறு காரா, வேறு பாகமா?

வேறு பாகம், அதே கார். அம்பாசடர் பட்டை புஷ் வாங்கியவர் அதே வண்டிக்கு எஞ்சின் மவுன்ட்டும் வாங்குவார். பத்மினிக்குத் தாவினால் அளப்பதிலிருந்து மெக்கானிக் பட்டியல் வரை எல்லாம் புதிதாகத் தொடங்கும். ஒரு காரில் பத்து பன்னிரண்டு பாகம் சேர்ந்து "முழு செட்" என்று விற்க முடிந்த பிறகு அடுத்த கார்.

கதவு பீடிங் எல்லோரும் கேட்பார்கள். அது எக்ஸ்ட்ரூஷன் வேலை, ரப்பரை டை என்ற துளைத் தகட்டின் வழியே நீளமாகப் பிதுக்குவது. டை மலிவு, ஆனால் ஒரு ஓட்டத்துக்கு நூற்றுக்கணக்கான மீட்டர் எடுக்கச் சொல்வார்கள். மூலையை வெட்டி ஒட்டினால் மழை உள்ளே வரும், மூலைக்குத் தனி மோல்டு வேண்டும். மூன்றாம் ஆண்டுக்கு வையுங்கள்.

வெளிநாட்டுக்கு அனுப்ப முடியுமா?

முடியும், வழி ஏற்கனவே இருக்கிறது. மோரிஸ் மைனருக்கான தகடு பாகங்களை இலங்கையில் செய்து இங்கிலாந்துக்கு அனுப்பியிருக்கிறார்கள். அம்பாசடரின் 1489 சி.சி. எஞ்சின் பிரிட்டனின் பி.எம்.சி. கம்பெனியின் பி வரிசையைச் சேர்ந்தது. அதே குடும்ப எஞ்சின் எம்.ஜி.ஏ. என்ற ஆங்கிலேய ஸ்போர்ட்ஸ் காரிலும் இருந்தது. ஆனால் "ஒரே குடும்பம்" என்பதால் எல்லாம் பொருந்தும் என்று எழுதிவிடாதீர்கள். வாங்குபவரிடம் பாக எண்ணும் அளவும் கேட்டு ஒப்பிட்ட பிறகே அனுப்புங்கள். லண்டனிலிருந்து திரும்பி வரும் ஒரு பார்சல் பத்து செட்டின் லாபத்தைத் தின்னும். ஐ.இ.சி. என்ற ஏற்றுமதி, இறக்குமதிப் பதிவு எண்ணும், வரி கட்டாமல் ஏற்றுமதி செய்ய ஜி.எஸ்.டி. தளத்தில் எல்.யு.டி. என்ற உறுதிமொழிக் கடிதமும் வேண்டும். ஐரோப்பாவுக்கு என்றால் கலவையில் எந்த ஆயில், எந்தக் கரித்தூள் என்று கேட்பார்கள். கையில் தொடும் ரப்பரில் பாலி அரோமாடிக் சேர்மங்களுக்கு அங்கே வரம்பு உண்டு.

ஓடாமல் இருக்கும் மோல்டை எப்படி வைப்பது?

சூடாக இருக்கும்போதே குழியில் ஒட்டிய கசடைப் பித்தளைக் கம்பியால் எடுங்கள், இரும்புக் கத்தி வேண்டாம். துருத் தடுப்பு ஆயில் பூசி, மூடி, போல்ட் போட்டு, மெழுகுத் தாளில் சுற்றி மரப் பலகையில் வையுங்கள், சிமென்ட் தரையில் அல்ல. அதன் மேல் கட்டும் அட்டையில் பாக எண், கலவை எண், சுருக்க விழுக்காடு, கடைசியாக ஓடிய தேதி, எந்தக் குழி சரியில்லை என்பது. கடைசியாக எடுத்த புஷ் ஒன்றையும் கம்பியில் கோத்து அதோடு கட்டிவிடுங்கள்.